ஏழு காடுகளில் இரண்டு

எட்டாம் நம்பர் மலையில் தேயிலை முடிகிற இடத்தில் ஒரு காட்டுத் துண்டு இருந்தது. ஆற அமர நடந்தாலும் அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். உள்ளே ஓர் ஊற்று இருந்ததால் அதை வெட்டாமல் விட்டார்கள் என்று தோட்டத்தில் சொல்வார்கள். பலாவும் கித்துளும் அத்தியும் பெயர் தெரியாத பெரிய மரங்களும் நெருக்கமாக நின்றன. அவற்றின் உச்சியில் ஒரு கருமந்திக் கூட்டம் வாழ்ந்தது. சிங்களத்தில் களு வந்துரா என்பார்கள். இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத விலங்கு அது. இதை நான் தெரிந்துகொண்டதே இருபத்தாறு வயதில், வேலை கிடைத்த பிறகுதான். அதுவரை எனக்கு அது விடியற்காலையில் நாய் குரைப்பதுபோல் கத்துகிற ஒரு குரங்கு. அவ்வளவுதான்.

நான் பலாங்கொடைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. சில வருடம் டவுனில் ஒரு மருந்துக் கடையில் நின்றேன். அப்போது காட்டு விலங்குகளுக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்புக்கு ஆள் தேடினார்கள். தோட்டத்துச் சனங்களோடு தமிழில் பேசவும், அதைச் சிங்களத்தில் சொல்லவும், கொஞ்சம் ஆங்கிலத்தில் எழுதவும் தெரிந்த ஆள் வேண்டும். எனக்கு மூன்றும் தெரியும். அமைப்பை நடத்தியது ஒரு சிங்களப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்தவர். அட்டை கடித்த காலோடு பஸ் நிலையத்துக் கடையில் உட்கார்ந்து பராட்டா சாப்பிடுவார். எல்லோரையும்போல நானும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டேன்.

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களுக்குள் சிதறிக் கிடந்த ஏழு காட்டுத் துண்டுகளில் கருமந்தி இருப்பதாக மிஸ் கண்டுபிடித்திருந்தார். ஏழிலும் எத்தனை மந்திகள் இருக்கின்றன, குட்டி போடுகின்றனவா, காடு சுருங்குகிறதா என்று பார்த்து எழுதுவதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு காட்டுக்கும் பக்கத்தில் வசிக்கிற ஒருவரைப் பிடித்து எண்ணச் சொன்னோம். எங்கள் தோட்டத்துக் காட்டுக்கு யாரைச் சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை.

மனதில் வந்தது என் தோழிதான்; அவள் என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்ததும் பள்ளியை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் கேள்வியைப் பலகையில் எழுதி முடிக்கும் முன்பே அவள் விடையைச் சொல்லிவிடுவாள். நான் அவளைத் தேடிப் போனபோது அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"கொரங்க எண்ணுறதுக்கு ஒரு வேலையா? அதத்தான் நான் தினமும் பாக்குறேனே. அதுல ஒன்னுக்குக் காது கிழிஞ்சிருக்கு, தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது.

கணக்கு எழுத ஒரு கொப்பியும் பழைய பைனாகுலர் ஒன்றும் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் அவள் ஒன்பது மந்திகளையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொண்டாள். கூட்டத்தின் ஆண், காது கிழிந்தது, இடது கை சற்று வளைந்தது, எப்போதும் பிந்தி வருவது. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன் கால் மணி நேரம், பகல் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம். மலையில் நின்றபடியே எனக்கு ஃபோன் எடுப்பாள். "இன்னிக்கு ஒம்போதும் இருக்கு. பலா மரத்துல தளிர் திங்குதுங்க. கைவளைஞ்சதும் கிழிஞ்சகாதும் சண்ட." பக்கத்தில் பறிக்கிற பெண்கள் அவளைக் கேலி செய்து சிரிப்பது எனக்குக் கேட்கும். அவள் கவலைப்படமாட்டாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "நான் எழுதிக் குடுக்குறத வச்சு இந்தக் காட்டக் காப்பாத்திருவாங்களா?"

"அதுக்குத்தானே எழுதுறோம்" என்றேன்.

அன்று அது பொய் இல்லை.

மூன்றாம் வருடம் நாடே பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றது. கேஸ் இல்லாததால் டவுன் சனங்கள்கூட விறகு தேடினார்கள். ஏழு காடுகளும் ஓரத்திலிருந்து தேய ஆரம்பித்தன. எங்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தவர்களும் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். வேனுக்கு எண்ணெய் இல்லாமல் நாங்கள் பஸ்ஸில் போய்வந்தோம். நாடு கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்த பிறகும் எங்கள் நிலைமை திரும்பவில்லை. ஏழு காடுகளுக்கும் வேலை செய்ய முடியாது என்று மிஸ் சொன்னார். இருப்பதை வைத்து எதைச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

வைகாசிப் பௌர்ணமிக்கு வீடுகளில் வெசாக் விளக்குக் கூடுகள் கட்டத் தொடங்கியிருந்த ஒரு வாரத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. பலாங்கொடையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம். மிஸ், வரைபட வேலை பார்க்கும் ஒருவர், நான், மூன்று பேர்தான். மிஸ் சுவரில் பெரிய தாளை ஒட்டினார். ஏழு காடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. எதிரே நான்கு கேள்விகள். அங்கே என்ன இருக்கிறது? அதற்கு எவ்வளவு ஆபத்து? நாங்கள் வேலை செய்தால் அது பிழைக்குமா? அதற்கு எவ்வளவு செலவாகும்?

"ஏழுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் நமக்கு மனசு ஆறும். ஆனால் பத்து வருடத்தில் ஏழும் போய்விடும்" என்றார் மிஸ். "எதைச் செய்தால் அதிக மந்திகள் மிஞ்சும் என்று மட்டும் பார்ப்போம்."

குருவிட்டைக்கு மேலே இருந்த இரண்டு துண்டுகளும் சிவனொளிபாதமலைக் காட்டுக்குப் பக்கத்தில் இருந்தன. இடையில் கொஞ்சம் மரம் நட்டால் பெரிய காட்டோடு சேர்ந்துவிடும். மந்திகள் தரையில் இறங்காமல் கிளை வழியாகவே போய் வரலாம். செலவு குறைவு, பலன் அதிகம். அவை இரண்டும் மேலே போயின. யாரும் வாதாடவில்லை.

எங்கள் காட்டின் முறை வந்தது. மிஸ் என்னைப் பார்த்தார்.

"குட்டி இருக்கிறதா?"

"இல்லை மிஸ்."

"எவ்வளவு காலமாக?"

"இரண்டு வருடத்துக்கு மேல்."

முந்தின வாரம்தான் என் தோழி ஃபோனில் சொல்லியிருந்தாள்: "கிழிஞ்சகாதுக்கு வயிறு பெருத்த மாரி இருக்குடி. எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு." இலை தின்கிற மந்திகளுக்கு எப்போதுமே வயிறு பெருத்துத்தான் இருக்கும். கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. சந்தேகத்துக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று இன்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய்க்குள் வந்து நின்ற அந்த வார்த்தையை விழுங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு வரைபடக்காரர் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் தோட்டத்தின் மேல் லயத்தில், தொழிலாளர்கள் வசிக்கும் அந்த ஒற்றை அறை வீட்டு வரிசையில், சுவர்கள் வெடித்திருந்தன. முந்தின மழைக்குப் பிறகு அதிகாரிகள் வந்து பார்த்து, அந்த லயத்தில் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் மண்சரிவு ஆபத்தில் இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் புது வீடு கட்டக் காணி தேட வேண்டும். கொழுந்து தருகிற மலையைத் தோட்டம் விட்டுக்கொடுக்காது. மற்ற இடமெல்லாம் செங்குத்து. சரிவில்லாமல், தேயிலையும் இல்லாமல் இருந்த ஒரே இடம் அந்தக் காடு. வரைபடத்தில் அதன்மேல் ஏற்கெனவே சிறு சிறு சதுரங்கள் போட்டிருந்தன. ஒவ்வொரு சதுரமும் ஒரு வீடு.

மிஸ் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எதிர்த்து நான் பேசமாட்டேன்" என்றார். "பேசவும் கூடாது. நீ என்ன நினைக்கிறாய்?"

மேல் லயத்தின் மூன்றாவது காம்பராவில்தான் என் தோழி இருந்தாள். அந்தச் சுவர் வெடிப்புக்குள் என் கை விரல் போகும். மழை வலுத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பாள்.

"எங்கள் காட்டை விட்டுவிடுங்கள் மிஸ்" என்றேன்.

அப்படித்தான் ஏழு இரண்டானது. ஐந்தாவது இடத்தில் இருந்த எங்கள் காட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மிஸ் என் தோளைத் தொட்டார். "உன் தோழியிடம் நீயே சொல். கொப்பியை வாங்கிக்கொள். அவருக்கு என் நன்றியைச் சொல். நான் வந்து சொல்ல வேண்டுமென்றால் வருகிறேன்."

"நானே சொல்கிறேன் மிஸ்" என்றேன்.

அந்த வார இறுதியில் தோட்டத்துக்குப் போனேன். அவள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள்.

"ஏய், எங்க பேரு லிஸ்ட்ல வந்திருச்சு! கிராம சேவகர் கூப்பிட்டுச் சொன்னாரு. ஏழு பேர்ச் காணி, ரெண்டு ரூமு வச்ச வீடு. எடம் மட்டும் இன்னும் காட்டல."

அவளுடைய இரண்டு பெண்களும் எந்த அறை யாருக்கு என்று உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். அந்த நிமிடத்தில் இடம் எது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். மிஸ் கேட்டபோது, "சொல்லிவிட்டேன் மிஸ்" என்றேன். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நானும் ஃபோனை எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "ம்... ஒம்போது... ம்." குருவிட்டைக்கு மேலே மரக்கன்றுகளுக்குக் குழி வெட்டும் இடத்தில் நின்றுகொண்டு, முடிந்துபோன ஒரு காட்டின் கணக்கைக் கேட்டேன்.

ஆனி மாதக் கடைசியில் மழை விட்டிருந்த ஒரு காலையில் அவள் ஃபோன் எடுத்தாள். மூச்சு வாங்கினாள்.

"குட்டி போட்டிருச்சுடி! நான் சொன்னேன்ல, கிழிஞ்சகாது! சாம்பக் கலர்ல இத்துனூண்டு. நெஞ்சோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பத்தாச்சு, பத்து! ஒங்க மிஸ்கிட்ட ஒடனே சொல்லு."

"சொல்றேன்" என்றேன். "நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன். நாங்க எல்லாருமே பாத்தோம். கங்காணிகூட வந்து பாத்தாரு."

மிஸ்ஸிடம் போனேன். தோழி இன்னும் எண்ணுகிறாள் என்று சொல்லாமல், தோட்டத்துக்குப் போனபோது நானே பார்த்ததாகச் சொன்னேன். மிஸ் கையிலிருந்த பேனையை வைத்தார்.

"அனே" என்றார், ஐயோ பாவம் என்கிற மாதிரி.

"அவற்றைப் பிடித்து குருவிட்டைக் காட்டில் கொண்டுபோய் விட முடியாதா மிஸ்?"

"பிடிக்கும்போதே பாதி செத்துப்போகும். பழகாத இலையைச் சாப்பிடாது. அங்கே இருக்கிற கூட்டம் இவற்றைச் சேர்க்காது. அதற்குச் செலவழிப்பதை அங்கே மரம் நடச் செலவழித்தால் இன்னும் எத்தனையோ குட்டிகள் பிறக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் இந்த வேலைக்கு வந்தது இப்படிச் சொல்வதற்காக இல்லை. ஆனால் இப்போது என் வேலையில் பாதி இதுதான்."

அவர் சொன்னது சரி. அன்றும் சரி, இன்றும் சரி. இதை நான் ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்றால், இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் உடனே மிஸ்ஸைக் குற்றம் சொல்கிறார்கள். தோட்டத்தைச் சொல்கிறார்கள், அதிகாரிகளைச் சொல்கிறார்கள். மேல் லயத்துக் குடும்பங்களுக்கு வீடு வேண்டாமா? யாரும் அங்கே கெட்டது செய்யவில்லை. பிழை செய்தது நான் ஒருத்திதான். அது காட்டுக்குச் செய்த பிழை இல்லை.

ஆவணிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, மரம் அறுக்கிற மெஷின் வந்தது. பின்னாலேயே மண் வெட்டுகிற பெக்கோவும் வந்தது. அன்று பெண்கள் எட்டாம் நம்பர் மலையில்தான் பறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஃபோனில் முதலில் மெஷின் சத்தம் மட்டுமே கேட்டது.

"யாரோ காட்ட வெட்டுறாங்கடி! மிஸ்ஸுக்கு ஃபோன் போடு! போலீசுக்குச் சொல்லச் சொல்லு! நான் கங்காணிகிட்ட சண்ட போடுறேன், அவரு சிரிக்கிறாரு. ஒங்க வீட்டுக்குத்தான் புள்ள வெட்டுறாங்கன்னு சொல்றாரு..."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. ஃபோனையும் வைக்கவில்லை. மெஷின் சத்தம் நின்று, ஒரு மரம் விழுகிற சத்தம் கேட்டது. கித்துள் மரமாக இருக்கலாம்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. காட்டின் கீழ்ப்பாதி வெட்டுண்டு கிடந்தது. மந்திகள் மேல் பக்கத்து அத்தி மரத்தில் ஒட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் இருந்தன. மரம் அறுக்கிறவர்கள் நல்ல மனிதர்கள். சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, ஓடிப் போகட்டும் என்று தட்டி ஓசை எழுப்பினார்கள். ஆனால் ஓட வழி எங்கே? மூன்று பக்கமும் முழங்கால் உயரத் தேயிலை. நாலாவது பக்கம் தோட்டத்துப் பாதை. பாதைக்கு மேலே கரண்ட் கம்பி.

ஆண் முதலில் தாவிக் கம்பியைப் பிடித்து அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்து மூன்று போயின. கிழிஞ்சகாது குட்டியோடு போனபோது அதன் கை ஒரு கம்பியிலும் வால் இன்னொன்றிலும் பட்டுவிட்டது. ஒரு சின்ன வெடிச் சத்தம். அவ்வளவுதான். அது பாதையில் வந்து விழுந்தது.

என் தோழி முதல் ஆளாக ஓடினாள். குட்டி உயிரோடு இருந்தது. தாயின் நெஞ்சு மயிரைப் பிடித்த பிடியை விடவில்லை. அவள் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். நனையாமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து எறிந்துவிட்டு, தலைத் துண்டால் குட்டியைச் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டாள். நான் மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தவர் முக்கால் மணி நேரத்தில் வேனோடு வந்தார். உடவளவைப் பக்கம் ஒரு மிருக வைத்தியர் இருக்கிறார், போய்ப் பார்ப்போம் என்றார்.

மிஸ் ஓட்டினார். நானும் அவளும் பின்னால் இருந்தோம். குட்டியின் ஒரு கை கருகியிருந்தது. அது கண்ணைத் திறந்து திறந்து மூடியது. கொஞ்ச தூரம் போனோம். பிறகு அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

நான் குட்டியின் மேல் துண்டை இழுத்துவிட்டேன்.

"நான் கேக்குறேன்ல. எப்பருந்து தெரியும்?"

மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "அவர் என்ன சொல்கிறார்?" என்று சிங்களத்தில் கேட்டார். யார் பேசினாலும் மற்றவருக்குச் சொல்வது என் வேலை. அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

"குட்டி பிழைக்குமா என்று கேட்கிறாள் மிஸ்" என்றேன்.

சபரகமுவைத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்குச் சிங்களம் தெரியாமல் இருக்காது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மிஸ்ஸிடம் நேராகச் சிங்களத்தில் பேசினாள். "நான் அதைக் கேட்கவில்லை நோனா. இந்தக் காட்டை விடப்போகிறீர்கள் என்று எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன்."

மிஸ் வேகத்தைக் குறைத்தார். "வெசாக் மாதம். உங்களிடம் சொல்லச் சொன்னேனே. சொல்லிவிட்டதாக..." என்று தொடங்கியவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஹரி" என்றாள் அவள். சரி என்று அர்த்தம்.

பெரிய பாதைக்கு இறங்கி, கொடகவெல டவுனைத் தாண்டுவதற்குள் குட்டி செத்துவிட்டது. அவள்தான் முதலில் அறிந்தாள். வேனை நிறுத்தச் சொன்னாள். ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் மூவரும் இறங்கினோம். குழி தோண்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. மிஸ் வேனில் இருந்த ஜேக் கம்பியால் மண்ணைக் கிளறினார். நாங்கள் கையால் அள்ளினோம். மிஸ் அழுதார். அவள் அழவில்லை. திரும்பி வரும்போது முன் இருக்கையில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மற்ற மந்திகளில் நான்கைக் கொஞ்ச நாள் லயத்துப் பக்கம் கண்டதாகத் தோட்டத்தில் இருந்த என் அம்மா சொன்னாள். பப்பாளிக் குருத்தையும் பயற்றங்கொடியையும் தின்றதால் சனங்கள் கல்லால் அடித்தார்கள். ஒன்றை நாய்கள் பிடித்தன. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒன்றையும் யாரும் காணவில்லை. விடியற்காலைச் சத்தமும் நின்றுபோனது.

ஒரு வருடத்துக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. நான் ஃபோன் எடுத்தால் மூத்த மகள் எடுத்து, "அம்மா வேலையா இருக்காங்க அன்ட்டி" என்பாள். தோட்டத்துக்குப் போனால் எதிரே வந்தாலும் பார்க்காத மாதிரி போய்விடுவாள். மிஸ் ஒருமுறைதான் அதைப் பற்றிக் கேட்டார். "நீ ஏன் என்னிடம் பொய் சொன்னாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாயா?" கேட்கப் போனேன். கதவைத் திறக்கவில்லை.

வீடுகள் எழும்பின. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வரிசையாக. பால் காய்ச்சுகிற நாளுக்கு அவள் எனக்குச் சொல்லி அனுப்பினாள். அவளாக ஃபோன் எடுக்கவில்லை, அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். நான் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனேன். வீடு நன்றாக இருந்தது. இரண்டு பெண்களும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்டினார்கள். வந்தவர்கள் போன பிறகு அவள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மழ பெஞ்சா புள்ளைங்க இப்ப நல்லாத் தூங்குதுங்க" என்றாள்.

"ம்."

"எனக்குத்தான் தூக்கம் வரல. பழக்கம். இருந்தாலும் சந்தோஷம்தான். இந்த வீட்ட நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சியா?"

"இல்ல."

"வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கேன். அந்தச் சொவத்துக்குள்ள எப்பிடிப் படுக்குறது? நீ வந்து சொல்லியிருந்தா ரெண்டு நாளு அழுதிருப்பேன். அப்புறம் சரின்னுருப்பேன். எனக்கு வெளங்காதுன்னு நெனச்சிட்ட."

"அப்பிடி நெனைக்கல. எனக்குப் பயமா இருந்துச்சு."

"என்ன பயம்? நான் ஒன்னையத் திட்டுவேன்னா?"

அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கிறவளாக நான் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதை இரக்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு மிஸ்ஸின் தாளும் நான்கு கேள்விகளும் புரியாது என்றும் எங்கோ ஓரத்தில் நினைத்திருக்கிறேன். கணக்கில் என்னை எப்போதும் முந்தியவளைப் பற்றி.

"நாலு மாசம்டி" என்றாள். "நாலு மாசம் நான் மலையில நின்னு எண்ணி எண்ணிச் சொன்னேன். நீ 'ம், ம்'னு கேட்டுக்கிட்டிருந்த. அதத்தான் என்னால மறக்க முடியல. வெட்டுனது இல்ல."

அழுதேன். அவள் தடுக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. தேத்தண்ணி ஆறிப்போகுது, குடி என்றாள்.

போன வருடம், பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில் அவளைக் குருவிட்டைக்கு மேலே உள்ள காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளாகத்தான் கேட்டாள். இரண்டு பஸ் மாறி, பிறகு ஏற்றத்தில் ஒரு மணி நேர நடை. அவள் எனக்கு முன்னால் ஏறினாள். நாங்கள் நட்ட மரங்கள் இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. சில இடங்களில் கிளைகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்தன. அந்த இரண்டு காடுகளிலும் இப்போது கூட்டம் பெருகுகிறது. மிஸ்ஸின் கணக்குத் தப்பவில்லை. ஐந்து காடுகளை விட்ட பிறகுதான் இது முடிந்தது. அந்த ஐந்தில் இன்னொன்றும் இப்போது இல்லை.

அரை மணி நேரம் காத்திருந்த பிறகு மந்திகள் வந்தன. நான் பைனாகுலரை அவளிடம் கொடுத்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. ஒரு தாயின் மடியில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று இருந்தது. இன்னொரு குட்டி கொஞ்சம் வளர்ந்து, தாயின் வாலைப் பிடித்து இழுத்து விளையாடியது.

"பதினாலு" என்றாள். "நல்லாத்தான் இருக்குங்க."

"ம்."

பைனாகுலரைக் கீழே இறக்கினாள். "நல்லா இருக்கட்டும். ஆனா இதுங்கள எனக்குத் தெரியாதுடி."

அவள் மறுபடியும் பைனாகுலரைத் தூக்கி அந்த விளையாடுகிற குட்டியைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அன்று ரப்பர் தோட்டத்து ஓரத்தில் வராத அழுகை அது என்று நான் நினைத்தேன். சரியாகத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கி நின்றோம். போயா என்பதால் பஸ் குறைவு. மூத்தவளை அடுத்த வருடம் பலாங்கொடைப் பள்ளிக்கு மாற்ற வேண்டும், விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிறாள், யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையைச் சொன்னேன். வர முடிந்தால் நீயும் கூட வா என்றாள். வருகிறேன் என்றேன். எங்கள் இருவரின் சேலையும் நனைந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. இரத்தினபுரி பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.